எட்டும் எட்டும் பதினாறு ஆகாத இடம்

திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தைத் தாண்டி, நான் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் மறுநாள் காலை தளம் போடுவதாக இருந்தது. ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. சென்ட்ரிங் பலகைகளின் மேல் கம்பி கட்டும் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. மாலை ஐந்தரை மணிக்கு, வேலையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். கட்டடப் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்த பிள்ளை.

"சார், பீமுக்குப் பதினாறு எம்.எம். கம்பி மூணு குறையுது. கடையில நாளைக்குச் சாயங்காலம்தான் வரும்கிறாங்க. எட்டு எம்.எம். நெறையக் கெடக்கு. ஒரு பதினாறுக்கு ரெண்டு எட்டுன்னு கட்டிடச் சொல்லட்டுமா?"

"எந்தக் கணக்குல தம்பி?"

"எட்டும் எட்டும் பதினாறுதானே சார்."

கம்பி கட்டுபவர்கள் இன்றும் 8 மில்லிமீட்டர் கம்பியை இரண்டரை நூல் என்றும், 16 மில்லிமீட்டர் கம்பியை ஐந்து நூல் என்றும்தான் சொல்லுவார்கள். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். அந்தக் கணக்கிலும் இரண்டரையும் இரண்டரையும் ஐந்துதான். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டலை நம்பித் தளம் போட்டிருந்தால், அந்த மூன்று கம்பிகள் தாங்க வேண்டிய பாரத்தில் பாதியைத் தாங்கத்தான் பீமில் இரும்பு இருந்திருக்கும்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டுத் துண்டுகளில் ஒரு மீட்டர் நீளமுள்ள 16 கம்பி ஒன்றையும், அதே நீளத்தில் 8 கம்பித் துண்டுகள் இரண்டையும் எடுத்துவரச் சொன்னேன். பக்கத்துத் தெருப் பழைய இரும்புக் கடையில் மின்னணுத் தராசு இருந்தது. பெரிய கம்பி ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நின்றது. சின்னக் கம்பிகள் இரண்டும் சேர்ந்து எண்ணூறு கிராமைக்கூடத் தொடவில்லை. இன்னும் இரண்டு துண்டுகளை அவரே ஓடிப்போய் எடுத்துவந்து தட்டில் வைத்தார். நான்கு சேர்ந்தபோதுதான் ஏறக்குறைய அதே எடை வந்தது. கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பை ஆர் ஸ்கொயர்... தெரியும் சார். ஆனா தோணல" என்றார்.

அந்த "தோணல" என்ற சொல்லைத்தான் இரண்டு ஆண்டுகளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். வட்டத்தின் பரப்பளவு தெரியாத பிள்ளை அவர் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை அந்தச் சூத்திரத்தை நூறு முறையாவது எழுதியிருப்பார். கட்டடத் தொழிலில் எல்லோரும் சொல்லும் 'டி ஸ்கொயர் பை 162' என்ற கணக்கும் அவருக்கு மனப்பாடம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைத்துவிடும்: 16-க்கு 1.58 கிலோ, 8-க்கு 0.395 கிலோ. கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாததுதான் சிக்கல்.

அந்த 162 எங்கிருந்து வந்தது என்று நான் விசாரித்த இளம் பொறியாளர்களில் பாதிப் பேருக்கு மேல் "அது அப்படித்தான் சார்" என்றார்கள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7,850 கிலோ என்று வைத்துக்கொள்கிறோம். வட்டத்தின் பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி நான்கால் வகுத்தது. மில்லிமீட்டரை மீட்டராக மாற்றி எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கினால் கீழே 162 வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சூத்திரத்தில் இருக்கும் வர்க்கம் கண்ணில் பட்டுவிடும். விட்டம் இரட்டித்தால் இரும்பு நான்கு மடங்கு என்பது அதற்குப் பிறகு மறக்காது. போட்டுப் பார்க்காதவருக்கு அது இன்னொரு தொலைபேசி எண் போலத்தான்.

இளைஞர்கள் இன்னும் எதற்காகக் கணிதம் படிக்க வேண்டும் என்று என்னைக் கேட்பவர்கள், கைப்பேசியே எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடுகிறதே என்ற காரணத்தைத்தான் முன்வைக்கிறார்கள். உண்மைதான், போட்டுவிடுகிறது. எட்டையும் எட்டையும் கொடுத்தால் பதினாறு என்று ஒருபோதும் தவறாமல் சொல்லிவிடும். இந்த இடத்தில் கூட்ட வேண்டுமா, வர்க்கப்படுத்த வேண்டுமா என்று முடிவெடுப்பது மட்டும் நம் தலையில் இருக்கிறது. கணக்கைப் போடும் வேலை இயந்திரத்துக்குப் போகப் போக, எந்தக் கணக்கு என்று கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் மனிதனிடம் வந்து குவிகிறது. அந்த வேலைக்குப் பயிற்சி தருகிற பாடம் பள்ளிக்கூடத்தில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் மகன் சென்ற ஆண்டு இருசக்கர வண்டி வாங்க முனைந்தபோது இதே கதையை வேறு உருவத்தில் பார்த்தேன். வயது இருபத்திரண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. கடனாக அறுபதாயிரம் ரூபாய், மூன்று ஆண்டுத் தவணை, "வட்டி வெறும் ஒரு ரூபாய்தான், சித்தப்பா" என்று தாளை நீட்டினான். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். மூன்று ஆண்டுக்கு வட்டி 21,600. அசலோடு சேர்த்தால் 81,600. முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 2,267 ரூபாய். இதைக் கைப்பேசியில் போட்டு, விற்பனையாளர் சொன்ன தவணையும் தன் கணக்கும் ஒரே தொகையாக வந்ததைப் பெருமையோடு காட்டினான்.

கணக்கு சரி. நான் ஒன்று மட்டும் கேட்டேன்: பதினெட்டாவது மாதத் தவணையைக் கட்டி முடிக்கும்போது உன்னிடம் அவர்களுடைய பணம் எவ்வளவு இருக்கும்? யோசித்துவிட்டு, பாதி கட்டியிருப்பேன், முப்பதாயிரம் போல இருக்கும் என்றான். அப்படியானால் பத்தொன்பதாவது மாதம் எதற்கு வட்டி கட்டுகிறாய்? பதில் வர நேரமாயிற்று. அறுபதாயிரத்துக்குத்தான். முப்பத்தைந்தாவது மாதம்? அதுவும் அறுபதாயிரத்துக்குத்தான். கையில் சில ஆயிரம் மட்டுமே பாக்கி இருக்கும்போதும் அறுபதாயிரத்துக்கு வட்டி.

மூன்று ஆண்டுக் காலத்தையும் மொத்தமாகப் பார்த்தால், அவன் கையில் சராசரியாக இருக்கப்போகும் கடன் தொகை ஏறக்குறைய முப்பதாயிரம்தான். ஆண்டுக்கு அவன் கட்டும் வட்டி 7,200. முப்பதாயிரத்துக்கு ஏழாயிரத்து இருநூறு என்றால் விகிதம் எங்கே போய் நிற்கிறது என்பதை மனத்தாலேயே பார்த்துவிடலாம். வங்கிகள் வீட்டுக் கடனுக்குப் போடுகிற மாதிரி, குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற முறையில் துல்லியமாகப் போட்டால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. தாளில் இருந்த 12 பொய் இல்லை. எதன் மேல் 12 என்பதைத் தாள் சொல்லவில்லை. கேட்காதவனுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியம் விற்பவருக்கும் இல்லை.

இதற்குத் தேவைப்பட்ட கணிதம் எந்த வகுப்பில் இருக்கிறது? சராசரியும் சதவீதமும்தான், எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. பட்டதாரியான என் அண்ணன் மகனுக்கு அது தெரியாமல் இல்லை. கம்பிக்காரப் பிள்ளையைப் போலவே அவனுக்கும் தோன்றவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம். எனக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது, முப்பது அடிக்கு இருபது அடி, ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு தளத்துக்குச் சிமென்ட் கணக்குப் போட்டேன். 30-ஐ 20-ஆல் பெருக்கி அதை 5-ஆல் பெருக்கினேன். மூவாயிரம் கன அடி. அங்குலத்தை அடியாக்கப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும் என்பது அந்த அவசரத்தில் விட்டுப்போயிற்று. கையில் புதிதாக வாங்கிய கேசியோ கால்குலேட்டர். அது காட்டிய எண்ணின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. 680 மூட்டை என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மேஸ்திரி சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "தம்பி, வீட்டுக்குத் தளம் போடுறோமா, அணை கட்டுறோமா?" என்றார். சரியான கணக்கு 250 கன அடி. ஏறக்குறைய 57 மூட்டை.

அவர் ஒரு பெருக்கலையும் செய்யவில்லை. இத்தனை அகலத் தளத்துக்கு இத்தனை மூட்டைதான் போகும் என்ற அளவு அவர் உடம்பிலேயே இருந்தது. முப்பது ஆண்டு வெயிலில் நின்று சம்பாதித்த உணர்வு அது. எனக்கு அந்த முப்பது ஆண்டு இல்லை, இருந்திருக்க வேண்டியது, விடையைப் பார்த்ததும் "இது நடக்கக்கூடிய எண்ணா?" என்று ஒரு நொடி நிற்கிற பழக்கம். முப்பதுக்கு இருபது அறுநூறு சதுர அடி. ஐந்து அங்குலம் அரை அடியை விடக் குறைவு. ஆகவே விடை முந்நூறைத் தாண்ட முடியாது. இவ்வளவுதான். அனுபவம் இல்லாத இளைஞனுக்கு அனுபவத்தின் இடத்தில் நிற்கக்கூடியது இந்த உத்தேசக் கணக்கு ஒன்றே என்று இன்றுவரை நம்புகிறேன்.

அதே மேஸ்திரிதான் சுவர் மூலை செங்கோணமாக வர மூலைமட்டம் பிடிக்கும்போது நூலில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று குறி போடுவார். ஒருநாள் இடம் தாராளமாக இருந்தபோது ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று பிடித்தார். ஏன் என்று கேட்டேன். "சின்னதுல அரை இஞ்சு தப்புனா சுவரு கோணிக்கும், பெருசுல அரை இஞ்சு தப்புனா ஒண்ணும் தெரியாது" என்றார். பிதாகரஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நான் அந்தத் தேற்றத்தை நிறுவி முழு மதிப்பெண் வாங்கியவன்; பெரிய முக்கோணத்தில் பிழை சிறுக்கும் என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன்.

பழைய நாட்களின் மனக்கணக்கை நினைத்து உருகுகிறவன் நான் இல்லை. என் தாத்தா காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று கீழ்வாய் இலக்கம் எனப்படும் பின்னங்கள் முழுவதையும் ஒப்பித்தார்கள். முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அப்படிப் பங்கிட்ட உலகத்துக்கு அது தேவையாக இருந்தது. இன்றைய பிள்ளைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை. (என் அப்பா இருந்திருந்தால் இந்த வரிக்காக என்னை மன்னித்திருக்க மாட்டார்.) ஆனால் அந்தப் பழக்கத்தோடு கூடவே வேறொன்றும் போய்விட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்புவரை மளிகைக் கடைக்கு ஐம்பது ரூபாயோடு அனுப்பிய குழந்தை, முப்பத்தேழு ரூபாய்ச் சாமானுக்கு மீதி எவ்வளவு என்று எண்ணி வாங்கி வந்தது. தெருக்கடை சம்பளம் வாங்காத கணக்கு வாத்தியாராக இருந்தது. 2016-இல் யுபிஐ வந்தது. பிறகு பெட்டிக்கடை, இளநீர் வண்டி, கோயில் வாசல் பூக்கடை என்று எங்கும் கியூஆர் அட்டை தொங்கத் தொடங்கியது. சில்லறை என்ற பொருளே குழந்தைகளின் கையிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. நல்ல வசதிதான், நானும் அப்படித்தான் பணம் கொடுக்கிறேன். ஆனால் தெரு இலவசமாகச் சொல்லிக்கொடுத்ததை இனி வகுப்பறைதான் வேண்டுமென்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அது நடக்கிறதா என்றால், கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் 2023-இல் எடுக்கப்பட்ட ஏசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வின்படி, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43.3 சதவீதம் பேர் மட்டுமே. இருபத்தாறு மாநிலங்களில் எடுத்த கணக்கு அது. வகுத்தலே கைகூடாத இடத்தில் சராசரி வட்டியைப் பற்றி நான் பேசிக்கொண்டிருப்பது சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது.

வகுத்தல் நன்றாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. எல்லாம் ஒரே வேகத்தில், நேர்கோட்டில் வளரும் என்று மனித மனம் இயல்பாகவே நினைத்துக்கொள்கிறது. சென்ற ஆண்டு தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை பார்க்கும் இளம் தம்பதி ஒருவருக்கு வீடு கட்டினேன். வரைபடத்தில் கூடத்தின் நடுவே ஒரு தூண் இருந்தது. அது பார்வைக்குத் தடையாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். பன்னிரண்டு அடிக்கு ஒரு தாங்கல் இருந்தது, இனி இருபத்து நான்கு அடிக்கு ஒன்று என்றாகும். "நீளம் இரண்டு மடங்கு, ஆகவே இரும்பும் இரண்டு மடங்கு ஆகட்டும், அந்தச் செலவை நாங்கள் தருகிறோம்" என்றார் அந்தப் பெண். நேர்மையான பேச்சு, படித்தவர் பேச்சும்கூட.

இரு முனையிலும் தாங்கி நிற்கும் ஒரு பீமின் மேல் பாரம் சீராகப் பரவியிருந்தால், அதை வளைக்கும் விசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் வளைப்பு நான்கு மடங்கு. பீமின் நடுப்பகுதி எவ்வளவு தொய்யும் என்பது நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதே குறுக்களவுள்ள பீமை வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்கு. அவர்கள் எண்ணியிருந்தது இரண்டு. இதைத் தாளில் எழுதிக் காட்டுவதைவிட வீட்டிலிருந்த மரச்சட்டம் ஒன்றை எடுத்துச் செங்கல்கள் மேல் வைத்துக் காட்டுவது எளிதாக இருந்தது. முதலில் இரண்டடி இடைவெளியில் வைத்து நடுவில் காலால் அழுத்தினேன், பிறகு நாலடி இடைவெளியில். கணவர் சிரித்துவிட்டார். தூண் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அதைச் சுற்றி இப்போது புத்தக அலமாரி நிற்கிறது.

பீமின் தொய்வுச் சூத்திரத்தை வருவிக்கத் தொகைநுண்கணிதம் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுத் தொழிலில் கட்டட வேலையிடத்தில் ஒருமுறைகூட நான் தொகைநுண்கணிதம் போட்டதில்லை. கல்லூரியில் படித்ததெல்லாம் வீண் என்று நண்பர்களிடம் கிண்டலாகச் சொன்னதும் உண்டு. ஆனால் அந்த நான்காம் அடுக்கு எங்கிருந்து பிறக்கிறது என்று ஒருமுறை போட்டுப் பார்த்த நினைவு இருப்பதால்தான், "நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கலாமா சார்?" என்று யாராவது கேட்டதும் எனக்குள் மணி அடிக்கிறது. கணக்கு மறந்துபோனாலும் அந்த மணி மிச்சம் இருக்கிறது.

மணி அடிக்காதவர்களை நான் அதிகம் பார்ப்பது பங்குச் சந்தையில். என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகளிலேயே மூன்று பேர் எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர ஒப்பந்தங்களில் சம்பளத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் விளக்கினார்: "போன மாசம் அம்பது சதவீதம் போச்சு சார், இந்த மாசம் அம்பது சதவீதம் எடுத்துட்டேன், சரியாப் போச்சு." சரியாகப் போகவில்லை. பத்தாயிரம் பாதியானால் ஐயாயிரம். ஐயாயிரத்தில் ஐம்பது சதவீதம் கூடினால் ஏழாயிரத்து ஐந்நூறு. கழித்த ஐம்பதும் கூட்டிய ஐம்பதும் சேர்ந்தால் பூச்சியம் என்பது எட்டும் எட்டும் பதினாறு என்பது போலவே பிழையற்ற கூட்டல்; பெருக்க வேண்டிய இடத்தில் போட்ட கூட்டல். பாதியை இழந்தவன் பழைய இடத்துக்குத் திரும்ப நூறு சதவீதம் ஏற வேண்டும்.

இந்திய பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்த ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்தார்கள் என்றும், அவர்கள் இழந்தது மொத்தமாக 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் சொல்கிறது. ஈடுபட்டவர்களில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியிருக்கிறது. எல்லாமே கணக்குத் தெரியாததால் வந்த இழப்பு என்று சொன்னால் அது மிகை. ஆசைக்கும் அதில் பெரிய பங்குண்டு. ஆனால் அந்தச் செயலிகளைக் கட்டியவர்கள், தரகுக் கட்டணம் வைத்தவர்கள், எதிர்ப்பக்கம் நின்று வாங்கி விற்ற பெரிய நிறுவனங்கள் எல்லோரும் நிகழ்தகவை நன்றாகப் படித்தவர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் கைப்பேசியோடு நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பாடம் பன்னிரண்டாம் வகுப்பில், பொதுத் தேர்வுக்கு முன் அவசரமாக ஓட்டப்பட்ட கடைசிப் பாடங்களில் ஒன்று.

பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குள்ள குறை பழையது. நான் படித்த பள்ளியில் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஆகஸ்டு மாதத்தோடு மூடிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கினார்கள். சென்டம் எண்ணிக்கைதான் பள்ளியின் விளம்பரம். இந்த வழக்கம் பரவலாக இருந்ததால்தான் 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-இல் அது மறுபடி எடுக்கப்பட்டது. பொறியியல் கலந்தாய்வுக்கான இருநூறு மதிப்பெண்ணில் பாதி கணக்குக்கு என்பதால், நம் ஊரில் கணக்கு என்றால் 'கட்-ஆஃப்' என்று அர்த்தமாகிவிட்டது. கலந்தாய்வு முடிந்த மறுநாள் அந்தப் பாடத்தின் பயனும் முடிந்துவிடுகிறது. கணக்குப் பிடிக்காதவர்கள் பதினோராம் வகுப்பில் கணக்கில்லாத பிரிவைத் தேடி ஓடிவிடுகிறார்கள். பிடித்தவர்களுக்கோ சூத்திரங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. நான் பார்த்த பொறியியல் பட்டதாரிப் பிள்ளை இந்த இரண்டாவது வகை.

இதோடு டிசம்பர் 22 அன்று ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு நாம் செய்கிற காரியமும் எனக்கு முழுதாக உவப்பில்லை. கனவில் அம்மன் வந்து சூத்திரம் சொன்ன கதையைக் குழந்தைகளிடம் சொல்லுகிறோம். கணக்கு என்பது அருள் பெற்ற ஒருவருக்கு வருவது, நமக்கு வராது என்று பின்வரிசைக் குழந்தை முடிவுசெய்துவிடுகிறது. காகிதம் வாங்கக் காசில்லாமல் அவர் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தார், கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் என்பதையெல்லாம் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். அழித்து அழித்து எழுதியவர் என்றால் பின்வரிசைக்கும் அவர் சற்று அருகில் வருவார்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியை நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு 16 கம்பிக்குப் பதிலாக இரண்டு 8 கம்பிகள் வைக்கலாமா என்று அத்தகைய செயலி ஒன்றிடம் கேட்டேன். கூடாது, குறுக்குப் பரப்பு பாதிதான் வரும் என்று அழகாக விளக்கியது. என்னைவிடப் பொறுமையாகவே விளக்கியது என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் கைப்பேசியிலும் அதே செயலி இருந்தது. அவர் கேட்கவில்லை. எட்டும் எட்டும் பதினாறு என்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சந்தேகம் வந்தவனுக்குத்தான் அந்த இயந்திரம் உதவும். சந்தேகத்தை அது முன்கூட்டித் தராது. அந்தச் செயலிகளின் வயிற்றுக்குள் ஓடுவதும் அணிகளின் (மேட்ரிக்ஸ்) பெருக்கலும், அடுத்த சொல் எதுவாக இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவும், பிழையை எந்தப் பக்கம் நகர்த்தினால் குறையும் என்று பார்க்கிற வகைநுண்கணிதமும்தான். அவற்றைக் கட்டப்போகும் பிள்ளைகளுக்கு ஏன் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. அவற்றைப் பயன்படுத்தப்போகும் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

அந்தத் தளத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டோம். ரெடிமிக்ஸ் முன்பணத்தில் ஒரு பகுதி போயிற்று; மறுநாள் சாயங்காலம் 16 கம்பி வந்தது. அந்தப் பிள்ளை இப்போது வேறு ஒரு நிறுவனத்தில், என்னிடம் வாங்கியதைவிட நல்ல சம்பளத்தில் இருக்கிறார்.

அண்ணன் மகன் மூன்று நாள் கழித்து வந்தான். கடையில் போய், வட்டி நிலுவைக்கா, மொத்தத்துக்கா என்று கேட்டிருக்கிறான். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று விற்பனையாளர் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தாராம். மொத்தத்துக்குத்தான், மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வங்கியில் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும், ஒரு மாதம் பொறு என்று நான் சொன்னதை அவன் கேட்கவில்லை. அந்தக் கடையிலேயே, கறுப்பு நிறத்தில், எடுத்தேவிட்டான். ஆனால் தவணையை முப்பத்தாறிலிருந்து இருபத்து நான்கு மாதமாக்கியிருந்தான். மாதம் 3,100 ரூபாய். இரவு முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்குத் தாளை என்னிடம் காட்டினான்.

"நிஜ வட்டி கொறையல சித்தப்பா, இருபத்தொண்ணரை கிட்ட வருது, முன்னவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனா ரூபாயாப் பாத்தா ஏழாயிரத்து எரநூறு மிச்சம்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். விகிதம் கூடியும் தொகை குறைந்திருப்பதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.